தூங்கெயிலும் விண்கலமும்

தூங்கெயில் என்றொரு சொல் பழந்தமிழில் உண்டு. எயில் என்றால் மதில், கோட்டை. தூங்குதல் இங்கே உறங்குதல் அன்று; தொங்கி அசைதல். தூங்கெயில் எறிந்த தொடித்தோட்செம்பியன் என்றே சோழன் ஒருவனுக்குப் பெயர் வழங்கியிருக்கிறது. வானில் தொங்கி அசைந்த கோட்டையை அவன் அழித்தான் என்பது கதை. புறநானூற்றுப் புலவர்களின் காலத்திலேயே அது பழங்கதையாகிவிட்டது. மலையை வில்லாகவும் பாம்பை நாணாகவும் கொண்டு ஒரே கணையால் மூன்று எயில்களை அழித்த இறைவனின் கதையும் அத்தொகையின் 55ஆம் பாட்டிலேயே வந்துவிடுகிறது. ஆக, விண்ணில் ஒரு கோட்டை, அதன்மேல் ஒரு போர் என்னும் கற்பனை தமிழுக்குப் புதியதன்று. (விண்வெளி நிலையம் என்று நான்கு அடி நீளத்துக்குச் சொல்லாக்கம் செய்து களைத்தவர்கள் தூங்கெயிலை ஒருமுறை கையிலெடுத்துப் பார்க்கலாம்.)

இதை இங்கே தொடங்கக் காரணம் இருக்கிறது. விண்வெளியைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டுகளில் ஒருவகை உண்டு. ஆடுகிறவர் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்வார், அதற்குப் பெயரிடுவார், அதன் வலிமையையும் அறிவையும் நாவன்மையையும் சிறிது சிறிதாக வளர்ப்பார், கோள் விட்டுக் கோள் செல்வார், வழியெங்கும் போர். நாற்பது, ஐம்பது மணி நேரம் நீளும் அந்தக் கதைகளில் மிகுதியான நேரத்தை எடுத்துக்கொள்வது போர்தான். அதில் அப்படி என்ன கவர்ச்சி என்பது பெற்றோர் கேட்கும் கேள்வி. ஆசிரியர் அறையிலும் அடிக்கடி கேட்கும் கேள்வி. பெரும்பாலும் கேள்வியாக அல்லாமல் வசையாகவே அது கேட்கப்படுகிறது. நாம் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்வோம். விடையின் ஒரு பகுதி, நம் எல்லோருக்கும் அருகில், காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் கிடைக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

பிள்ளையார்பாளையம் பட்டு நெசவாளர் பகுதி. குழித்தறியின் மிதிபலகை ஓசை தெருவுக்குத் தெரு கேட்டுப் பழகிய இடம். தறிக்குமேல் ஜக்கார்டுப் பெட்டி. அதில் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டுவரும் துளையிட்ட அட்டைகள். பிரான்சில் 1804ஆம் ஆண்டளவில் உருவான அந்த அட்டைமுறையைத்தான் பின்னர் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு எந்திரத்துக்கு எடுத்துக்கொள்ள எண்ணினார். முதல் தலைமுறைக் கணினிகளும் துளையட்டையைத் தின்றே வளர்ந்தன. புட்டா போடும் அட்டைக்கும் பிள்ளைகள் விளையாடும் கணினிக்கும் உள்ள உறவு, நெசவாளர் வீடுகளில் பலருக்கும் தெரியாத ஒன்று. அது நிற்க.

இந்தப் பகுதியை ஒட்டி மேற்கே இருப்பது கயிலாசநாதர் கோயில். இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த மணற்கற்றளி. திருச்சுற்றில் ஐம்பத்தெட்டுச் சிறு கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் அடித்தளங்களில் அரசனின் விருதுப்பெயர்கள் வெவ்வேறு எழுத்து வடிவங்களில் திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எண்ணினால் இருநூறைத் தாண்டும். இரணஜயன், மகாமல்லன், சித்திரகார்முகன், வாத்தியவித்தியாதரன் என்று போகிறது பட்டியல். போரில் வெல்பவன், பெருமல்லன், வியத்தகு வில்லாளி, இசைக்கருவிகளில் வித்தியாதரன். இந்திய வரலாற்றாசிரியர்கள் இராசசிம்மனின் ஆட்சியை ஒப்பளவில் அமைதியானதாகவே கருதுகிறார்கள். குறைவாகப் போரிட்ட அரசன் இத்தனை போர்ப் பெயர்களைச் சூடிக்கொண்டது நமக்கு நகைப்பை அன்று, ஓர் அடையாளத்தையே தருகிறது. பாத்திர விளையாட்டைத் தொடங்குமுன் ஆடுகிறவர் நிரப்பும் பண்புப் பட்டியலும் இதே வேலையைத்தான் செய்கிறது: வில்லில் இவ்வளவு, சொல்லில் இவ்வளவு, கலையில் இவ்வளவு என்று ஒருவன் தான் ஆக விரும்பும் ஆளைக் கல்லிலோ திரையிலோ எழுதிப் பார்க்கிறான்.

இக்கோயிலில் திரிபுராந்தகர் சிற்பம் இருக்கிறது. கதை யாவரும் அறிந்தது. பொன், வெள்ளி, இரும்பு ஆகியவற்றால் ஆன மூன்று நகரங்கள் தனித்தனியே இயங்கிக்கொண்டிருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை ஒன்றுகூடும். அந்தக் கணத்தில் ஒரே அம்பால் எய்தால் மட்டுமே அழியும். அதற்காகப் பூமி தேராகிறது, கதிரவனும் திங்களும் சக்கரங்களாகின்றனர், நான்முகன் சாரதி, மேரு வில், திருமால் கணை. இந்திய மரபில் இதைவிடப் பெரிய விண்கலம் கட்டப்படவில்லை. அந்தக் கலமும் புறப்பட்டதும் அச்சு முறிந்து நின்றது. பிள்ளையாரை வணங்க மறந்ததால் என்பது அச்சிறுபாக்கத்துத் தலபுராணம். (பிள்ளையார் பெயரில் ஊர் வைத்துக்கொண்ட பாளையத்தார் இந்த வகையில் முன்னெச்சரிக்கை உடையவர்கள்.)

சிற்பியின் கவனம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எரியும் நகரங்களில் அன்று. பல கரங்களுடன் வில்லேந்தி, காலை ஊன்றி, உடலை வளைத்து நிற்கும் அந்த நிலையில்தான் அவன் உளி முழுவதும் செலவாகியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக் காத்திருப்பும் ஒரு கண அழிவும் கொண்ட கதையில், இரண்டுக்கும் நடுவே உள்ள இமைப்பொழுதை அவன் எடுத்துக்கொண்டான். அம்பு இன்னும் கையில் இருக்கிறது. விட்டால் மூன்று நகரங்களும் இல்லை. விடாவிட்டால் இன்னும் ஆயிரம் ஆண்டு. தமிழ்ப் பக்திமரபு இன்னும் ஒரு படி மேலே சென்று, அம்புகூட வேண்டியிருக்கவில்லை, சிரித்தே எரித்தான் என்றது. அந்தச் சிரிப்பும் விடுவதற்கு முந்தைய கணத்தில்தான் நிகழ்கிறது.

விளையாட்டின் பக்கம் திரும்புவோம். போரைப் பலகையில் ஆடிப் பார்ப்பது பழைய வழக்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைக் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம் நம் நாட்டில் பிறந்தது. ஐரோப்பாவில் பிரஷ்ய நாட்டின் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் படையதிகாரிகளுக்கான போர்ப்பயிற்சி ஆட்டம் ஒன்றை அமைத்தார். அவர் மகன் 1824இல் அதைத் திருத்தி, நிலப்படமும் பகடையும் நடுவரும் கொண்டதாக ஆக்கினார். இவற்றிலெல்லாம் ஆடுகிறவர் படைத்தலைவர். காய்கள் அவருடைய வீரர்கள். ஒரு காய் விழுந்தால் யாரும் அழுவதில்லை.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த இடத்தில்தான் மரபை உடைத்தது. படை போயிற்று, ஆடுகிறவருக்கு ஒரே ஓர் ஆள். அந்த ஆளுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, முன்கதை உண்டு. ஒரே அடியில் அவன் செத்துவிழுவதை ஆடுகிறவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. எனவே உயிரை எண்ணிக்கையாக்கி, அடிக்கு இத்தனை குறையும் என்ற கணக்கு வந்தது. கப்பற்போர் ஆட்டங்களிலிருந்து அதை எடுத்துக்கொண்டதாக ஆர்னசனே சொல்லியிருக்கிறார். கப்பல் ஒரே குண்டில் மூழ்குவதில்லை அல்லவா? இந்தச் சிறு மாற்றத்தின் விளைவு பெரிது. அடிக்கும் சாவுக்கும் நடுவே ஓர் இடைவெளி பிறந்தது. அந்த இடைவெளியில் ஆடுகிறவர் எண்ணலாம், பின்வாங்கலாம், பேசிப்பார்க்கலாம்.

விண்வெளிப் போர் கணினிக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசலும் அவர் நண்பர்களும் எழுதிய ஸ்பேஸ்வார் என்னும் ஆட்டத்தில், நடுவே ஒரு விண்மீன் ஈர்க்க, இரண்டு கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. பின்புலத்தில் உண்மையான வானத்து விண்மீன்கள். அதில் பாத்திரம் இல்லை, கைவேகம் மட்டும். பாத்திரமும் விண்வெளியும் சேர்ந்தது மார்க் மில்லர் 1977இல் வடிவமைத்த டிராவலர் என்னும் பலகையாட்டத்தில். அதில் ஒரு கொடுமை: பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே, ஆட்டம் தொடங்குமுன்பே, பகடை விழும் விதத்தில் அந்தப் பாத்திரம் இறந்துபோகலாம். கருவிலேயே கலையும் வீரன்! 1987இல் ஜப்பானின் சேகா நிறுவனம் வெளியிட்ட பேண்டசி ஸ்டார், மூன்று கோள்களில் நடக்கும் கதை. முறைவைத்து அடிக்கும் போர். நீ அடித்த பின் நான், நான் அடித்த பின் நீ.

2003இல் கனடாவின் பயோவேர் நிறுவனம் நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. ஸ்டார் வார்ஸ் திரைப்படங்களின் காலத்துக்கு ஏறத்தாழ 4000 ஆண்டுகள் முந்தைய கதை. பார்ப்பவருக்கு ஒளிவாள்கள் இடைவிடாது மோதுவதுபோல் தோன்றும். உள்ளே இருபது முகப் பகடை கண்ணுக்குத் தெரியாமல் உருண்டுகொண்டிருக்கும். ஒரு விசையை அழுத்தினால் எல்லாம் அப்படியே நிற்கும். வாள் பாதி வீச்சில், பகைவன் பாதிப் பாய்ச்சலில், தெறித்த பொறி அந்தரத்தில். அப்போது ஆடுகிறவர் தன் குழுவினர் மூவருக்கும் அடுத்து என்ன செய்வதென்று ஆணையிடலாம்.

எம் வகுப்பில் பயின்ற, பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவரிடம் இந்தப் போரில் என்னதான் இருக்கிறது என்று கேட்டோம். சற்று யோசித்து, "சுடறதுல ஒண்ணும் இல்லீங்க ஐயா, நிறுத்தறதுலதான் இருக்கு" என்றார். ஓர் ஆய்வுக் கட்டுரையின் மையக் கருத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் நமக்குச் சொன்னதில்லை. கயிலாசநாதர் கோயில் சிற்பி ஒற்றைக் கணத்தைக் கல்லில் நிறுத்தினான். இந்தப் பிள்ளைக்கு அதே வசதி ஒரு விரலில் கிடைத்திருக்கிறது. வாழ்க்கையில் எங்கும் கிடைக்காத வசதி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூலியும் கடனும் தேர்வும் யாருக்காகவும் நிற்பதில்லை.

ஆனால் நிறுத்துவது மட்டும் போதாது. நிறுத்திய கணத்தில் என்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறது. இங்கேதான் நாம் குமரகோட்டத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. காஞ்சியின் நடுவே உள்ள அந்த முருகன் கோயிலில் அர்ச்சகராக இருந்தவர் கச்சியப்ப சிவாசாரியார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களால் ஆன அவருடைய கந்தபுராணம் அங்கேதான் அரங்கேறியது என்பது மரபு. முதற்செய்யுளின் புணர்ச்சி குறித்து அவையில் தடை எழுந்ததும், வீரசோழியத்தில் விதி கிடைத்துத் தடை நீங்கியதும் தமிழ் பயின்றோர் யாவரும் கேட்ட கதை.

கந்தபுராணத்தைப் பக்திநூலாக மட்டும் படித்தவர்கள் அதன் களத்தின் அளவை மறந்துவிடுகிறார்கள். சூரபன்மன் ஆண்டது ஒரு நாட்டையோ ஒரு கண்டத்தையோ அன்று. ஆயிரத்தெட்டு அண்டங்களை, நூற்றெட்டு யுகங்கள். அவனிடம் இந்திரஞாலம் என்னும் தேர் இருக்கிறது. நினைத்த அண்டத்துக்கு அது போகும். தன் படை தேய்ந்தால் பிற அண்டங்களிலிருந்து படை வரவழைப்பான். தோற்றோடும்போதும் அண்டம் விட்டு அண்டம் ஓடுகிறான், முருகன் பின்தொடர்கிறான். இறந்த படையை உயிர்ப்பிக்கும் மலையொன்றைத் தாயான மாயை சொன்னபடி தேரில் கொண்டுவரச் செய்கிறான். மாண்ட அவுணரெல்லாம் தூங்கி விழித்தவர்போல் எழுகிறார்கள். கணினி விளையாட்டில் செத்தவன் மறுபடி எழுவதைக் கண்டு சிரிக்கும் பெரியவர்கள் இந்தப் படலத்தை ஒருமுறை புரட்டலாம். எழுந்த படையை முருகன் அழிக்கிறான். தேரைத் தன் பக்கமே நிறுத்திக்கொள்கிறான். பகைவனின் கலத்தை அழிக்காமல் கைக்கொள்வது, விண்வெளி ஆட்டக்காரர்கள் எல்லோரும் விரும்பும் செயல்.

நமக்கு இதில் மிகவும் பிடித்தவை போர்க்களத்தில் போர் நின்றுபோகும் இடங்கள். முதலில் தூது. வீரவாகு தனியாக வீரமகேந்திரபுரிக்குள் நுழைகிறான். சிறைப்பட்ட சயந்தனுக்கு ஆறுதல் சொல்கிறான். சூரனின் அவையில், முருகன் அருளால் வந்த இருக்கையில் அமர்ந்து சமமாகப் பேசுகிறான். தேவரை விடுவித்தால் போர் இல்லை. சூரன் மறுக்கிறான். மகேந்திர காண்டம் முழுவதும் யுத்த காண்டத்துக்கு முன் வைத்த ஒரு நீண்ட தாமதம் என்றே சொல்லலாம். பின்னர்ப் போரின் உச்சியில் முருகன் தன் பெருவடிவத்தைச் சூரனுக்குக் காட்டுகிறான். ஒரு கணம் சூரன் மனம் நெகிழ்கிறது. வணங்கிவிடலாமா என்று தோன்றுகிறது. மானம் தடுக்கிறது. மீண்டும் வில்லை எடுக்கிறான். அந்த ஒரு கணத்தைக் கச்சியப்பர் விட்டுவைக்காமல் எழுதினாரே, அதற்காகவே அவரைக் கொண்டாட வேண்டும். எல்லாம் நின்றிருக்கும் கணம் அது. முடிவு இன்னும் எழுதப்படவில்லை என்று, முடிவு தெரிந்த நாமே நம்பிவிடுகிறோம்.

இறுதியில் சூரன் கடலில் மாமரமாக நிற்கிறான்; வேல் பிளக்கிறது; மயிலும் சேவலுமாகிறான்; ஒன்று ஊர்தி, ஒன்று கொடி. திரிபுரக் கதைக்கும் இப்படி ஒரு முடிவு உண்டு. எரிந்த நகரங்களிலிருந்து தப்பிய அடியார் மூவரில் இருவர் இறைவனின் கோயில் வாயில் காப்போராயினர், ஒருவர் முழவு இசைப்பவராயினார் என்று சுந்தரர் திருப்புன்கூர்ப் பதிகத்தில் சொல்கிறார். நம் மரபின் இரு பெரும் விண்போர்களிலும் பகைவர் சிலருக்குப் போர் முடிந்த மறுநாள் வேலை கிடைத்துவிடுகிறது.

விண்வெளிப் பாத்திர விளையாட்டுகளில் சிறந்தவை தம் கவர்ச்சியை வைத்திருக்கும் இடமும் இதுவே என்பது நம் கருத்து. நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்கில் ஆடுகிறவர் பல மணி நேரம் யாரைப் பற்றி அஞ்சிப் பேசிக் கேட்டாரோ அந்தக் கொடிய தலைவன் தானே என்று, நினைவு அழிக்கப்பட்ட நிலையில் தான் வேறு ஆளாக்கப்பட்டிருக்கிறோம் என்று, இடையில் அறிகிறார். மாமரத்துக்குள் மயில் இருந்தது போல. அதே நிறுவனம் 2007இல் வெளியிட்ட மாஸ் எஃபெக்ட் ஆட்டத்தில், ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து வளர்ந்த நாகரிகங்களையெல்லாம் அழித்துப்போகும் எந்திரப் படை வருகிறது. நம்மவர்க்கு அதை விளக்க ஊழி என்ற ஒரு சொல் போதும். அந்த ஆட்டத்தில் ரெக்ஸ் என்றொரு தோழன். அவன் இனம் பிள்ளைப்பேறு குன்றும் நோயால் அழிந்துகொண்டிருக்கிறது. அதற்கு மருந்து செய்யப்படும் இடம் பகைவனுடைய கோட்டை. அதைத் தகர்த்தாக வேண்டும். கடற்கரையில் அவன் துப்பாக்கியைத் தோழன்மீதே திருப்புகிறான். ஆடுகிறவர் சுடலாம், அல்லது, அதுவரை நாவன்மையை வளர்த்திருந்தால், அல்லது அவனுக்கு முன்னர் ஓர் உதவி செய்திருந்தால், பேசி அவன் கையைத் தாழ்த்தச் செய்யலாம். ஆட்டத்தின் இறுதிப் பகைவனான சாரனிடமும் அப்படியே: சொல் வலிமை போதுமானால், தான் பகைவர் கைப்பாவை ஆகிவிட்டதை உணர்ந்து அவன் தன்னையே மாய்த்துக்கொள்கிறான், ஒரு சண்டை நடக்காமலே போகிறது. சண்டை நடக்காமல் போனதை இத்தனை நாள் சண்டை பயின்றவர்கள் வெற்றியாகக் கொண்டாடுவதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். வீரவாகு தூது வென்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நாமும் எண்ணிப் பார்த்தோம்.

பாராட்டை இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது. ரெக்ஸுக்கும் சாரனுக்கும் நடுவே பெயரில்லாதவர் நூற்றுக்கணக்கில் சுட்டு வீழ்த்தப்படுகிறார்கள். அவர்களிடம் எவரும் தூது போவதில்லை. இந்தக் குறை கச்சியப்பருக்கும் உண்டு. பெயரற்ற அவுணர் வெள்ளக் கணக்கில் மடிகிறார்கள். பெயர் உள்ளவனுக்கே தூது, பெயர் உள்ளவனுக்கே மயிலாகும் பேறு. இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது.

பிள்ளையார்பாளையத்து நெசவாளரில் பெருந்தொகையினர் செங்குந்தர். செங்குந்தம் என்றால் சிவந்த ஈட்டி. கைக்கோளர் என்ற அவர்களுடைய பழம்பெயர் சோழர் கல்வெட்டுகளில் தெரிஞ்ச கைக்கோளர் என்று தேர்ந்த படைப்பிரிவுகளின் பெயராக வருகிறது. மூன்று சோழர் அவைகளில் விளங்கிய ஒட்டக்கூத்தர் இம்மரபினர். இவர்களின் போர்ப்பெருமையைப் பாடியதே ஈட்டி எழுபது. தறியும் ஈட்டியும் ஒரே கைகளில் இருந்த காலம் அது. படை போன பிறகும் போர் போகவில்லை. முருகனின் படைத்தலைவரான நவவீரரின் வழிவந்தோர் தாங்கள் என்பது இவர்கள் நம்பிக்கை. பல ஊர்களில் சூரசம்காரத்தின்போது நவவீரர் வேடம் பூணுவது செங்குந்தர் உரிமை. சட்டி விரதம் ஆறு நாள். எதிரே சூரனின் பொம்மை. ஒரே உடல்தான், தலை மட்டும் மாறும். முதலில் யானை முகம், தாரகன். அது போனால் சிங்க முகம். பிறகு சூரன் முகம். பிறகு மாமரம். வீழ்ந்தவன் வேறு வடிவில் எழுந்து வருவதும், ஒவ்வொரு வடிவுக்கும் கூட்டம் ஆரவாரம் செய்வதும் கணினித் திரையில் கடைசிப் பகைவனை எதிர்கொள்ளும் எவருக்கும் பழகிய காட்சி.

காஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களின் பாரதக்கூத்தும் இவ்வகையே. திரௌபதியம்மன் கோயில் விழாவின் இறுதிக் காலையில், மண்ணில் கிடக்கும் பேருருவத் துரியோதனன்மேல் வேடமிட்ட வீமனும் துரியோதனனும் மோதுவார்கள். படுகளம் என்று பெயர். இரவெல்லாம் கூத்தில் பாருங்கள், அடி அபூர்வம். கிறுகிறுவென்று சுழல்வார்கள், நிற்பார்கள், பாடுவார்கள், வாதிடுவார்கள். கட்டியங்காரன் நடுவே புகுந்து பகைவர் இருவரையும் கேலி செய்வான். போரை நிறுத்தும் விசை அங்கே கட்டியங்காரனிடம் இருக்கிறது. பெ. இராசகோபால் 1990இல் காஞ்சியில் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கியதும், பின்னர்ப் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்திச் சிறுமியரையும் அந்த வேடங்களுக்குப் பழக்கியதும் தனியே எழுதவேண்டிய செய்திகள்.

வேறுபாடு இதுதான். நவவீரர் வேடம் பூண்டவன் முடிவை மாற்ற முடியாது. ஆனால் தன் உடலைக் கொடுக்கிறான். பட்டினி கிடக்கிறான், ஊர் பார்க்கிறது. திரை முன் இருப்பவர் முடிவை மாற்றலாம். ஆனால் எதையும் கொடுக்க வேண்டியதில்லை. கடற்கரையில் தோழனைச் சுட்டுவிட்டு, மனம் பொறாமல், சேமித்து வைத்த முந்தைய நிலைக்குத் திரும்பிப்போய், சுடாதவராகிவிடலாம். சுட்டது யாருக்கும் தெரியாது. இரண்டில் எது மேல் என்று எம்மிடம் கேட்டால், தேர்ந்தெடுக்கும் உரிமையைத் திரையிலிருந்தும், தேர்வுக்குச் சாட்சியாக ஓர் ஊர் நிற்பதைச் சம்காரத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளவே விரும்புவோம். இரண்டும் ஒருசேர அமைந்த நிகழ்ச்சியும் நம் வரலாற்றில் இல்லாமல் இல்லை.

642இல் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் வாதாபியைக் கைப்பற்றினான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, இரண்டாம் விக்கிரமாதித்தன் என்னும் சாளுக்கிய அரசன் காஞ்சிக்குள் படையுடன் நுழைந்தான். பல்லவன் நந்திவர்மன் தோற்று விலகியிருந்தான். பழிக்குப் பழி வாங்க எல்லாக் காரணமும் அவனிடம் இருந்தது. எதிரே பகைவன் கட்டிய, பகைவனின் இருநூறு போர்ப்பெயர்கள் பொறித்த கோயில் நின்றது. அவன் அதை இடிக்கவில்லை. கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கைக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான். கொடுத்ததைக் கோயில் மண்டபத்துத் தூண் ஒன்றில் தன் மொழியான கன்னடத்தில் எழுதிவைத்துப் போனான். அந்தக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அவன் அரசி லோகமகாதேவி, கணவன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாகப் பட்டடக்கல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலில், தோற்ற ஊரின் கயிலாசநாதர் கோயிலுடைய சாயலைக் காணலாம்.